ஆபரேசன் முடிந்தது, பார்வை வந்ததா?

(திருநாவலூரில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவரிடம் வந்த கண்புரை நோயாளிகளில் பலர் ஏற்கெனவே ஊர் ஊராகத் திரியும் வைத்தியர்களிடம் கண்ணைக் காட்டிவிட்டு வந்தவர்கள். அந்த வைத்தியர் ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தி, வெளுத்துப்போன லென்ஸைக் கீழே தள்ளிவிடுவார். உடனே வெளிச்சம் உள்ளே போகும். வைத்தியர் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்பார். நோயாளி சரியாகச் சொல்வார். சுற்றி நிற்கும் கூட்டம் வாயைப் பிளக்கும். கண்ணைக் கட்டிவிட்டு, சில நாளைக்கு அவிழ்க்காதே என்று சொல்லி, கூலியை வாங்கிக்கொண்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

கட்டை அவிழ்க்கும் நாளில் வைத்தியர் அங்கே இருக்க மாட்டார். சில கண்களில் சீழ் பிடித்திருக்கும். சில கண்களில் உள்ளே விழுந்த லென்ஸால் அழுத்தம் ஏறி நரம்பு செத்திருக்கும். எலியட் இப்படி வந்த நூற்றுக்கணக்கான கண்களைச் சோதித்துக் கணக்கெடுத்தார். 1917இல் லண்டனில் அதைப் பற்றியே சொற்பொழிவாற்றினார். பெரும்பாலான கண்கள் கெட்டுப்போயிருந்தன என்பதுதான் அவருடைய முடிவு. அவர் செய்தது ஒரே ஒரு மாற்றம். ஊசி குத்திய நாளில் தெரிந்ததா என்று கேட்காமல், வாரங்களும் மாதங்களும் கழித்து என்ன தெரிகிறது என்று கேட்டார்.

அந்த வைத்தியர்கள் மறைந்துவிட்டார்கள். இன்றைய புரை ஆபரேசன் மருத்துவத்திலேயே மிக நம்பகமான ஆபரேசன்களில் ஒன்று. ஆனால் கணக்கு எடுக்கும் பழக்கம் மட்டும் பல இடங்களில் பழைய மாதிரியே இருக்கிறது. முகாம் பேனரில் எத்தனை பேருக்கு ஆபரேசன் என்று போடுகிறார்கள். எத்தனை பேர் ஒரு மாதம் கழித்துப் பஸ்ஸின் போர்டைப் படித்தார்கள் என்று போடுவதில்லை. பார்வை அந்தப் பத்துப் பதினைந்து நிமிட ஆபரேசனில் மட்டும் தீர்மானமாவதில்லை. அதற்கு முன்னால் எடுக்கும் அளவும், பின்னால் செய்யும் கவனிப்பும், வீட்டில் இருப்பவர்களின் முடிவும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. இந்த உரை முழுக்க அதைப் பற்றித்தான்.

அளவிலிருந்து தொடங்கலாம்.

1949 நவம்பர் 29. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை. ஹரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர், உலகில் முதன்முறையாக ஒரு பெண் நோயாளியின் கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மேல்மூடி உடைந்து, அதன் அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயிருந்தன. கண் அந்தச் சில்லுகளை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை ரிட்லி கவனித்திருந்தார். அதே பொருளில் லென்ஸ் செய்தால் கண் தாங்கும் என்று கணித்தார். கணிப்பு பலித்தது. கண் லென்ஸை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பெண்மணிக்கு ஆபரேசனுக்குப் பின் வந்த பவர் மைனஸ் 18. அதற்கு மேல், கருவிழி வளைவின் கோணலால் வரும் சிலிண்டர் பவர் வேறு. மைனஸ் 18 என்றால் கண்ணுக்கு ஐந்தரை சென்டிமீட்டர் தூரத்துக்குள் இருப்பது மட்டும் தெளிவாகத் தெரியும். எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸின் வடிவத்தை ஒட்டி ரிட்லி லென்ஸைச் செய்திருந்தார். அக்ரிலிக் ஒளியை இன்னும் அதிகமாக வளைக்கும் என்பது கணக்கில் விட்டுப்போனது.

உலகின் முதல் லென்ஸ் ஆபரேசன் கைவேலையில் வென்றது, அளவில் தவறியது. அதன் பிறகு எழுபத்தைந்து ஆண்டுகளில் கைவேலை எவ்வளவோ நேர்த்தியாகிவிட்டது. அளவில் தவறுகிற வாய்ப்பு இன்னும் முழுதாக நீங்கவில்லை.

இன்று ஆபரேசனுக்கு முன் கண்ணின் நீளத்தை அளக்கிறார்கள். முன்பக்கத்துக் கருவிழியிலிருந்து பின்பக்கத்து விழித்திரை வரை, சராசரியாக 23 முதல் 24 மில்லிமீட்டர். பல மருத்துவமனைகளில் இதற்குப் பேனா போன்ற ஒரு கருவி. நோயாளி மோவாயைத் தாங்கியில் வைத்து உட்காருவார். மரத்துப்போகும் சொட்டு போடுவார்கள். கருவியின் நுனி கருவிழியை லேசாகத் தொடும், ஒலியலை உள்ளே போய்த் திரும்பி வரும், திரையில் நீளம் தெரியும். தொடுகிறவரின் கை கொஞ்சம் அழுத்திவிட்டால் கருவிழி உள்ளே அமுங்கும். கண் உண்மையில் இருப்பதைவிடக் குட்டையாகக் காட்டும். 1 மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் பவரில் ஏறக்குறைய 2.5 முதல் 3 வரை பிசகும். மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அழுத்தினாலே ஒரு பவர் போய்விடும். நோயாளி அந்த நேரத்தில் அசைந்தாலும், கண்ணை வேறெங்கோ திருப்பினாலும் இதே கதைதான். ஆகவே அளவு எடுக்கும் பெண், "ஆயா, அந்தச் சிவப்பு வெளிச்சத்தயே பாருங்க, ஆடாதீங்க" என்று நாலு தடவை சொன்னால் அலுத்துக்கொள்ளக் கூடாது. பார்வையின் பெரும்பங்கு அந்த நாற்காலியில்தான் தீர்மானமாகிறது.

தொடாமல் ஒளியால் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. துல்லியமானவை. ஆனால் புரை நன்றாக முற்றி வெளுத்துவிட்டால் ஒளி உள்ளே போகாது. அந்தக் கண்ணுக்குப் பழையபடி ஒலியலைதான் கதி.

கருவிழியின் வளைவையும் அளக்கிறார்கள். வெயிலிலும் புழுதியிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணின் ஓரத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறும். கரும்பு, நெல், மணிலா என்று வயலோடு வாழும் இந்த வட்டாரத்துக்கு அது புதிதல்ல. அந்தச் சதை கருவிழியை இழுத்து வளைவைக் கோணலாக்கும். அதை வைத்துக்கொண்டே அளந்தால் வளைவு தவறும். கண் காய்ந்திருந்தாலும் தவறும். எனவே சில நேரங்களில் மருத்துவர் முதலில் சதையைச் சரிசெய்துவிட்டு, பிறகு புரைக்கு வரச் சொல்வார். அலையவிடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இப்படி அளந்து வைக்க லென்ஸே கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆபரேசன் ஆன தாத்தாக்கள் சோடாப்புட்டிக் கண்ணாடியோடு திரிவார்கள். கண்ணாடி உடைந்தால் அவர் திரும்பவும் குருடர். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றிருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன நிலையிலும் ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஆபரேசன் செய்தவர். வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாது என்பதால் 1992இல் ஆரோலேப் என்ற ஆலை மதுரையில் உருவாகி, லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியது. ஒரு லென்ஸ் நூறு டாலர் அளவில் விற்றுக்கொண்டிருந்த நேரத்தில் பத்து டாலர் அளவுக்கு விலை இறங்கியது. 1994 முதல் உலக வங்கி உதவியோடு ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டத்தில் தமிழ்நாடும் இருந்தது. சோடாப்புட்டி மறைந்ததற்கு இவையெல்லாம் காரணம். தமிழ்நாடு இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது.

இனி, புரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வி. சரியாகப் பார்வை வராதவர்களில் பலருக்குக் காரணம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

புரை என்பது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் லென்ஸ் மங்குவது. அதை எடுத்துவிட்டுப் புதிய லென்ஸ் வைத்தால் ஒளி உள்ளே போகும். போகிற ஒளியை வாங்க விழித்திரை நன்றாக இருக்க வேண்டும். வாங்கியதை மூளைக்குக் கொண்டுபோக நரம்பு உயிரோடு இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் விட்டவருக்கு விழித்திரையில் ரத்தக்கசிவும் வீக்கமும் இருக்கலாம். கண் நீர் அழுத்த நோய் இருப்பவருக்கு நரம்பு பாதி பட்டுப்போயிருக்கலாம். அந்த நோய் வலிக்காது, சத்தம் போடாது, ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும். போன நரம்பு எந்த ஆபரேசனாலும் திரும்பாது. இதையெல்லாம் கண்டுபிடிக்க மருத்துவர் கண்ணின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் முற்றிய புரை குறுக்கே நிற்கும்.

அப்போது செய்யும் ஒரு சோதனை பார்ப்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். மருத்துவர் ஒரு கண்ணை மூடச் சொல்லிவிட்டு, டார்ச்சை மேலே பிடிப்பார். "வெளிச்சம் எந்தப் பக்கம் தெரியுது?" பிறகு கீழே, இடப்பக்கம், வலப்பக்கம். வெள்ளைப் புரைக்குள்ளிருந்தும் நோயாளி கையை நீட்டிச் சரியான பக்கத்தைக் காட்டினால் பின்னால் விழித்திரை ஓரளவு வேலை செய்கிறது என்று பொருள். மேலே பிடித்த வெளிச்சம் தெரியவில்லை என்றால் மருத்துவரின் முகம் மாறும். ஒலியலைப் படம் எடுத்து விழித்திரை பிய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடித்துக் கண்மணி சுருங்குகிறதா விரிகிறதா என்றும் பார்ப்பார். நரம்பின் நிலை அதில் தெரிந்துவிடும். டார்ச் அடிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தச் சோதனையைச் செய்து, "இந்தக் கண்ணில் ஆபரேசன் செய்தாலும் முழுப் பார்வை வராது, இவ்வளவுதான் வரும்" என்று முன்கூட்டியே சொல்கிற மருத்துவர் நல்ல மருத்துவர். நோயாளிக்கும் வீட்டாருக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. ஆபரேசனுக்குப் பிறகு சொன்னால் அது சமாதானமாகத்தான் கேட்கும்.

"முத்தட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. லென்ஸை முழுதாக வெளியே எடுத்துச் சோடாப்புட்டி கொடுத்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கொஞ்சம் பார்வை இருக்கும்போதே லென்ஸை எடுத்தால் நோயாளிக்கு லாபத்தைவிட நஷ்டம் அதிகமாகலாம். இன்று அந்த நியாயம் கிடையாது. முற்ற முற்றப் புரை கல்லாகும். அதை உடைக்க அதிக விசை வேண்டும். அந்த விசை கருவிழியின் உட்பக்கத்தில் இருக்கும் செல்களைத் தாக்கும். பெரியவர்களின் கண்ணில் அந்தச் செல்கள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,500 அளவில் இருக்கும். செத்தவை மறுபடி முளைக்காது. போதிய செல்கள் இல்லாவிட்டால் கருவிழி நீர் கோத்து மங்கிவிடும், லென்ஸ் எவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தாலும் சரி. இன்னும் சிலருக்கு முற்றிய லென்ஸ் ஊதி, கண்ணுக்குள் நீர் வடியும் பாதையை அடைக்கும். அல்லது உள்ளிருக்கும் புரதம் கசிந்து அதே பாதையை மூடும். திடீரென்று கண் சிவந்து, தலைவலியும் வாந்தியுமாக, அழுத்தம் ஏறி வருவார்கள். அப்படி வருகிற கண்ணுக்கு நரம்பு பிழைத்தால் உண்டு.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு இந்தத் தாமதம் பேச்சு வழக்கால் மட்டும் வருவதில்லை. மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வரப் பஸ் வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், துணைக்கு வருகிறவருக்கு ஒருநாள் கூலி போகும். ஆபரேசன் இலவசம் என்று அறிவிப்பதோடு நின்றால் இந்தச் செலவை நோயாளிதான் சுமக்கிறார். போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஏழைகள் வருவார்கள் என்பதை முகாம் நடத்தும் மருத்துவமனைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்துவிட்டன.

ஆபரேசன் மேஜையில் நடப்பதற்கு வருவோம். லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. மருத்துவர் அந்தப் பையின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறந்து, உள்ளிருக்கும் புரையை எடுத்து, காலியான பைக்குள் புதிய லென்ஸை வைக்கிறார். நுங்கின் மேல்தோலைக் கீறிச் சதையை எடுத்துவிட்டு அடித்தோல் கிழியாமல் விடுவது போன்ற வேலை. ஆனால் இந்த அடித்தோலின் கனம் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்குதான். அது கிழிந்தால் பின்னால் இருக்கும் பசை முன்னால் வரும், புரைத் துண்டு பின்னால் விழலாம், லென்ஸுக்குச் சரியான இருக்கை கிடைக்காது. அனுபவமுள்ள கையில் இது அரிது. நடந்தாலும் திறமையாகச் சமாளித்தால் பார்வை வரும்.

இந்த ஆபத்தைக் குறைப்பதில் நோயாளிக்கும் பங்கு உண்டு. வயதான ஆண்களில் பலர் சிறுநீர் சரியாகப் போவதற்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது கண்மணியைச் சுற்றியுள்ள படலத்தைத் தொய்ய வைத்து, ஆபரேசன் நடுவிலேயே கண்மணி சுருங்கிவிடச் செய்யும் என்பதை 2005இல் டேவிட் சாங், ஜான் கேம்பல் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். மாத்திரையை நிறுத்தினாலும் விளைவு முழுதாகப் போவதில்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற கருவியோடு தயாராக இருப்பார். மகளோ மருமகளோ பக்கத்தில் நிற்கும்போது மூத்திரக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லப் பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேஜையில் வைத்துவிட்டால் கூச்சத்துக்கே இடமில்லை.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: லேசர் நல்லதா, சாதா ஆபரேசன் நல்லதா? ஊரில் லேசர் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஃபேகோ. அதில் புரையை உடைப்பது ஒலியலை. துளை 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. மற்றது 6 மில்லிமீட்டர் அளவில் துளையிட்டு, தையல் போடாமல், கையால் புரையை வெளியே எடுப்பது. முகாம் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் இதுதான். ஏழைக்கு மட்டமானதைச் செய்கிறார்கள் என்ற மனக்குறை பலரிடம் உண்டு. முற்றிய வெள்ளைப் புரைக்கு இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்து 2010இல் வெளியானது. இரண்டிலும் பார்வை நன்றாக வந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. கையால் செய்யும் முறை சீக்கிரம் முடிந்தது, செலவும் குறைவு. துளை பெரிது என்பதால் சிலிண்டர் பவர் சற்று அதிகமாக வரலாம், அதைக் கண்ணாடி சரிசெய்துவிடும். வசதி உள்ளவர் ஃபேகோ செய்துகொள்வதில் தவறில்லை. ஃபேகோவுக்குப் பணம் சேரட்டும் என்று இரண்டு வருடம் புரையை முற்றவிடுவதுதான் தவறு.

இந்த வட்டாரத்துக்கு ஒரு கசப்பான நினைவு இருக்கிறது. 2008 ஜூலையில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த இலவச முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெரம்பலூரில் ஆபரேசன் செய்யப்பட்டவர்களில் 66 பேர் ஆபரேசன் ஆன கண்ணில் பார்வையை இழந்தார்கள். காரணம் கிருமித் தொற்று. விசாரணை சிபிஐ வரை போனது. அதற்குப் பிறகு முகாம் என்றாலே பயந்து வீட்டோடு இருந்துவிட்டவர்கள் உண்டு, அந்தப் பயத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சொல்ல வேண்டியது வேறு. கண்ணுக்குள் கிருமி போவதைத் தடுக்கும் வழிகள் நன்றாகத் தெரிந்தவை. ஆபரேசனுக்கு முன் கண்ணில் பொவிடோன் அயோடின் விடுவது, ஒவ்வொரு நோயாளிக்கும் கொதிநீராவியில் சுத்தம் செய்த கருவி, கண்ணுக்குள் விடக் கலங்கல் இல்லாத, சோதிக்கப்பட்ட திரவம். இவற்றோடு ஆபரேசன் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் முறையை அரவிந்த் மருத்துவமனைகள் கொண்டுவந்தன. சுமார் 6 லட்சம் ஆபரேசன்களை ஆராய்ந்து 2017இல் வெளியான கணக்கு அதன் பலனைக் காட்டியது. 10,000 பேரில் 7 பேருக்கு வந்துகொண்டிருந்த தொற்று 2 பேராகக் குறைந்தது. இலவச முகாமில் வந்தவருக்கும் பணம் கட்டியவருக்கும் ஒரே மருந்து. பயப்படுகிறவர் இந்தக் கேள்வியை நேராகவே கேட்கலாம்: இங்கே தொற்று வந்து எவ்வளவு நாளாயிற்று, வந்தால் என்ன செய்வீர்கள்?

வீட்டுக்கு வந்தபின் சொட்டு மருந்து. போடுகிறவர் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நோயாளி மேலே பார்க்க, கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு சிறு குழி விழும். அதில் ஒரு சொட்டு. குப்பியின் மூக்கு இமையிலோ இமைமுடியிலோ படக்கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ வேறு எதுவுமோ அந்தக் கண்ணுக்குள் போகக் கூடாது. சில வாரங்களில் மருந்தைக் குறைத்து நிறுத்தச் சொல்வார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கும். கண் உறுத்துகிறது என்று மெடிக்கலில் பழைய குப்பியைக் காட்டி அதையே வாங்கி மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறும். ஆபரேசன் கொடுத்த பார்வையை அந்த அழுத்தம் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

வலி கூடினால், சிவப்பு ஏறினால், நேற்றுத் தெரிந்தது இன்று மங்கினால் அன்றைக்கே போக வேண்டும். சீட்டில் எழுதிய தேதிவரை காத்திருக்கக் கூடாது. கிருமி ஒரே நாளில் கண்ணை முடித்துவிடும்.

எல்லாம் சரியாக நடந்தும் பார்வை தெளியாமல் இருப்பவர்கள் ஒரு பெரிய கூட்டம். அவர்களில் பலருக்குத் தேவைப்படுவது ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்! பொதுவாக வைக்கும் லென்ஸ் ஒரே தூரத்துக்கானது. தூரத்துக்கு வைத்தால் கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும். மாடு ஓட்டுகிறவருக்கும் பஸ்ஸில் போகிறவருக்கும் தூரம் முக்கியம். பூக்கட்டும் பெண்ணுக்கும், அரிசியில் கல் பொறுக்கும் ஆயாவுக்கும், தையல்காரருக்கும் கிட்டம் முக்கியம். பிள்ளையின் போன் எண்ணைத் தேடி அழுத்துவதுகூடக் கிட்டத்து வேலைதான். தான் என்ன வேலை செய்கிறேன் என்பதை ஆபரேசனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லியிருந்தால் அதற்கேற்ப லென்ஸைத் தேர்ந்தெடுக்க முடியும். சொல்லாதவருக்குத் தூரத்து லென்ஸ் வைப்பதே வழக்கம். அவர் வீட்டுக்கு வந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்துவிட்டு, ஆபரேசன் சரியில்லை என்பார். புண் ஆறியபின், நாலு முதல் ஆறு வாரத்தில் கண்ணாடிக்கு அளவு எடுக்க அழைப்பார்கள். சிலிண்டர் பவர் இருந்தாலும் அப்போதுதான் தெரியும். அந்த இரண்டாம் வருகைக்கு வராமலே போகிறவர்கள் ஏராளம். பாதி பார்வையோடு மீதி ஆயுளைக் கழிக்கிறார்கள்.

சில வருடம் கழித்துப் பார்வை மறுபடி மங்கினால் புரை திரும்ப வந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸைத் தாங்கும் பையின் பின்தோல் மங்கியிருக்கும். யாக் லேசரால் அதில் ஒரு சிறு ஜன்னல் திறப்பார்கள். சில நிமிட வேலை. கத்தியும் இல்லை, கட்டும் இல்லை.

திருநாவலூரில் நின்றுகொண்டு கண்ணைப் பற்றிப் பேசிவிட்டு சுந்தரரைச் சொல்லாமல் போக முடியாது. சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாக இந்த ஊரில் பிறந்தவர், திருவொற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறி எல்லையைக் கடந்ததும் இரு கண்ணும் இழந்தார் என்கிறது பெரியபுராணம். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் திரும்பியது. அதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரு கண்ணோடு வழி நெடுக வேண்டிக்கொண்டே போய், திருவாரூரில் வலக்கண்ணையும் பெற்றார். ஒரு கண் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

இந்த ஊர்ப் பெரியவர்களில் எத்தனையோ பேர் ஒரு கண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதான் ஒண்ணுல தெரியுதே, இன்னொண்ணு எதுக்கு என்பது வழக்கமான பதில். ஒரு கண்ணில் லென்ஸும் மறு கண்ணில் புரையுமாக இருந்தால் ஆழம் தெரியாது. படியின் விளிம்பு, கிணற்றடிக் கல், பஸ்ஸின் முதல் படி, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற நிதானம் வராது. வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் அந்தப் படுக்கையிலிருந்து எழுவதே இல்லை. ஒரு கண்கூட ஆகாதவர்களும் உண்டு. வீட்டில் தாத்தாவுக்கு இரண்டு கண்ணும் முடிந்திருக்கும், ஆயாவுக்கு முதல் கண்ணே ஆகியிருக்காது. ஆயாக்களும் கேட்க மாட்டார்கள், யாரும் அழைத்துப்போகவும் மாட்டார்கள். சமையலும் பேரப்பிள்ளையும் ஆடும் கோழியும் அவர்கள் கையில். அவர்கள் நாலு நாள் உட்கார்ந்துவிட்டால் வீடு என்னாவது என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு நியாயமற்றது.

முதல் கண்ணுக்கு என்ன லென்ஸ் வைத்தார்கள், என்ன பவர் வந்தது என்ற விவரம் இரண்டாவது கண்ணின் கணக்குக்குப் பெரிய உதவி. முதல் கண்ணில் எதிர்பார்த்ததைவிட அரைப் பவர் தள்ளியிருந்தால் அதைப் பார்த்து அடுத்த கண்ணுக்கு மருத்துவர் திருத்திக்கொள்வார். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டித் தரும் அட்டையைத் தொலைக்கக் கூடாது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கண் நோயாளிகளின் விவரத்தை அவரவர் கண்ணின் வண்ண ஓவியத்தோடு எழுதிவைத்தார்கள். அந்தத் தாள்கள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. ஓர் அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வைப்பது பெரிய காரியமல்ல.

உலகச் சுகாதார நிறுவனம் புரை ஆபரேசனுக்கு ஓர் அளவுகோல் வைத்தது. நூறு கண்ணுக்கு ஆபரேசன் செய்தால், நோயாளிகளிடம் உள்ள கண்ணாடியோடு 80 கண்களாவது 6/18 அல்லது அதைவிட நன்றாகப் பார்க்க வேண்டும். அதாவது நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டரில் படிப்பதை ஆபரேசன் ஆனவர் 6 மீட்டரிலாவது படிக்க வேண்டும். 6/60க்குக் கீழே போகிறவை ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2021இல் உலக நாடுகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆபரேசன் செய்ததை மட்டும் எண்ணாமல், செய்து நன்றாகப் பார்க்கிறவர்களை எண்ணும் கணக்கை 2030க்குள் 30 சதவீதப் புள்ளிகள் உயர்த்த ஒப்புக்கொண்டன. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வில், 50 வயதைக் கடந்தவர்களின் குருட்டுத்தன்மைக்கு மூன்றில் இரண்டு பங்கு காரணம் புரைதான் என்று தெரிந்தது. எண்ணுவதற்கு வேலை மிச்சமிருக்கிறது.

அதை இங்கேயே தொடங்கலாம். இந்த வட்டாரத்தில் முகாம் நடத்தும் சங்கங்களும் கோயில் குழுக்களும் முதல் முகாம் அறிவிப்பிலேயே இரண்டாவது தேதியையும் போடலாம். ஆறு வாரம் கழித்து, அதே பள்ளிக்கூடத்தில், அதே ஆட்கள். சுவரில் எழுத்துப் பலகை, தரையில் ஆறு மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு, கண்ணாடிக்கு அளவெடுக்க ஒருவர். வராதவர்களின் பெயரை வைத்துக்கொண்டு ஊராட்சி மூலம் போன் செய்யலாம். வெள்ளிமலைக்கு அன்று ஒரு வேன் அனுப்பலாம். முடிவில் பலகையில் மூன்று எண்கள் எழுதட்டும்: ஆபரேசன் ஆனவர்கள் எத்தனை, திரும்ப வந்தவர்கள் எத்தனை, அவர்களில் 6/18 படித்தவர்கள் எத்தனை. அடுத்த ஆண்டு பேனரில் அந்த மூன்றாவது எண்ணைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம்.